34 வயதில் எந்தப் பட்டம்? பாலக்கோடு வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: சார், எனக்கு வயது 34. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். 2009-ல் வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தேன். 1200-க்கு 948, கணக்குப்பதிவியலில் மட்டும் 186. அதற்குக் காரணம் எங்கள் அக்கவுண்டன்சி மிஸ். அவரைப் போல நானும் டீச்சராக வேண்டும் என்றுதான் அப்போது ஆசை. அடுத்த வருடமே கல்யாணமாகிவிட்டது. பத்து வருடமாக ஓசூரில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறேன். கான்ட்ராக்ட்தான். விடியற்காலை நாலேகாலுக்குக் கம்பெனி பஸ். பிடித்தம் போகக் கையில் 17,000 வருகிறது. இரண்டு வருடமாக டைம் ஆபீஸில் ஆள் வராத நாட்களில் என்னைக் கூப்பிட்டு வருகைப் பதிவும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கும் பார்க்கச் சொல்கிறார்கள். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுவிட்டது. இனி லைனில் நிற்க முடியாது. வேறு வேலைக்குப் போக ஒரு டிகிரி வேண்டும்.

பி.ஏ. தமிழ் படித்து, பி.எட். முடித்து டீச்சராகலாமா? தம்பி, "பி.சி.ஏ. படிக்கா, பெங்களூர் பக்கத்துலதான இருக்கு" என்கிறான். தெரிந்தவர் ஒருவர், வட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் மையம் தர்மபுரியில் இருக்கிறது, 60,000 ரூபாய்க்கு ஒரே வருடத்தில் பி.பி.ஏ. வாங்கித் தருகிறேன், பரீட்சைக்குக்கூடப் போக வேண்டாம் என்று சொல்லி என் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்திருக்கிறார். கணவருக்குத் தக்காளி வியாபாரம். விலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. "இந்த வயசுல எதுக்கு" என்கிறார். பெண் ஒன்பதாவது படிக்கிறாள். எனக்கு எந்த டிகிரி சரியாக இருக்கும்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: அன்புள்ள சகோதரி, எந்த டிகிரி என்பதை அப்புறம் பேசுவோம். முதலில் அந்த மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்குங்கள். நாளைக்கே போய், "இன்னொரு இடத்தில் சேர ஒரிஜினல் கேட்கிறார்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், காரணமும் விளக்க வேண்டாம். தனியாகப் போகாமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொடுக்க மறுத்தால் பாலக்கோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அதுவும் நடக்காவிட்டால், படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து இரண்டாம் படி வாங்கலாம். அலைச்சல்தான், ஆனால் வழி இருக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், அவர் சொன்னதில் மூன்று இடம் இடிக்கிறது. நம் நாட்டில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. ஒரு வருடத்தில் தருகிறேன் என்றால் பழைய தேதி போட்டுத்தான் தர முடியும். அது போலிச் சான்றிதழ். பின்னால் சரிபார்ப்பில் சிக்கினால் அவர் வந்து நிற்க மாட்டார், நீங்கள்தான் நிற்பீர்கள். அடுத்து, ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு மையம் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அனுமதிப்பதில்லை. வட மாநிலத்துக்காரர் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் மையம் வைத்திருக்கிறார் என்றாலே சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது பரீட்சை. அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே உறுத்தியதால்தானே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேருகிற ஒவ்வொருவரும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிந்து 'டெப் ஐடி' என்ற எண் வாங்க வேண்டும். 2024-லிருந்து இந்த முறை. பதிவை நீங்களே செய்துகொள்ளலாம். யாராவது சேர்த்துவிடுகிறேன் என்று வந்தால், "என் டெப் ஐடியில் சேருமா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பினால் நீங்களும் திரும்பி வந்துவிடலாம்.

நானும் சூடு பட்டவன்தான். ஓசூரில் ஒரு டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தபோது, 27 வயதில், அஞ்சல் வழியில் ஒரு படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வருடம் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது, நான் சேர்ந்த ஆண்டில் அந்தப் படிப்புக்கு அனுமதியே இல்லை. பல்கலைக்கழகம் உண்மையானதுதான், கட்டடம்கூடப் பெரியதுதான். அனுமதி படிப்புவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் தரப்படுகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து வேறு இடத்தில் தொடங்கினேன். அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிற்காமல், நீங்கள் சேரப் போகிற படிப்பு, சேரப் போகிற பருவம் இரண்டும் யுஜிசி தளத்தில் உள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டீச்சர் ஆசைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்த இடம் இதுதான். ஆசை வந்தது அக்கவுண்டன்சி மிஸ்ஸைப் பார்த்து. மார்க் வந்தது கணக்குப்பதிவியலில். கம்பெனியில் உங்களைக் கூப்பிடுவதும் கணக்குப் பார்க்கத்தான். ஆனால் படிக்க எடுத்தது பி.ஏ. தமிழ். எங்கிருந்து வந்தது இது? தமிழ் என்றால் சுலபம், வீட்டிலிருந்தே படித்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தமிழ் இலக்கியமும் இலக்கணமும் சுலபம் என்று நினைத்துச் சேர்ந்து, நன்னூலில் மாட்டிக்கொண்டு அரியர் வைத்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். விருப்பம் இருப்பவர்களுக்கு அது அருமையான படிப்பு. உங்கள் கடிதத்தில் அந்த விருப்பத்தை நான் பார்க்கவில்லை.

பி.எட். விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய நிலையில் அது இரண்டு ஆண்டுப் படிப்பு, நேரில் போய்ப் படிக்க வேண்டும். இடையில் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். தொலைநிலையில் பி.எட். இருக்கிறதே என்பார்கள். அது ஏற்கெனவே பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும், ஆசிரியர் பயிற்சியை நேரில் முடித்தவர்களுக்கும் வைத்தது. உங்களைச் சேர்க்க மாட்டார்கள். ஆக, கம்பெனி வேலையை விட்டால்தான் பி.எட். அதற்குப் பிறகு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு டெட் தேறினால் மட்டும் போதாது, அதற்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வும் உண்டு. தனியார் பள்ளிக்குப் போகலாம் என்றால், நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆனால் தொடக்கச் சம்பளம் நீங்கள் இப்போது வாங்கும் 17,000-க்குக் கீழே இருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதனால் ஆசிரியர் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த மிஸ் எந்த வழியாக அந்த வகுப்புக்குள் வந்தார் என்று பாருங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு அக்கவுண்டன்சி எடுப்பவர் முதுகலை ஆசிரியர். பி.காம்., எம்.காம்., அதன் மேல் பி.எட். என்பது அவர்கள் பாதை. ஆறிலிருந்து பத்து வரை வணிகவியல் என்று தனிப் பாடமே இல்லாததால் பி.காம். கையோடு பி.எட். போக முடியாது, எம்.காம். அவசியம். டெட் எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கு உரியது, முதுகலை ஆசிரியர் பணிக்கு அது தேவையில்லை. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வு ஒன்றுதான். அதற்கு வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58. மூன்று, இரண்டு, இரண்டு என்று கூட்டினால் ஏழு வருடம். அப்போது உங்களுக்கு 41, 42 இருக்கும். நீளம்தான். ஆனால் முதல் ஐந்து வருடமும் வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். வேலையை விட வேண்டியது கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும். அதற்குள் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பாள், அப்போது வீட்டு நிலைமை பார்த்து முடிவு செய்யலாம். வேண்டாம் என்று பட்டால் அப்போது நிறுத்திக்கொள்ளலாம், கையில் உள்ளது எதுவும் வீணாகாது.

தம்பி சொல்கிற பி.சி.ஏ.வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணினி வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே ஒரு புரோகிராமை எழுதிக் காட்டச் சொல்வார்கள். அது வரவேண்டுமானால் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கை பழக வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நாலேகால் பஸ்ஸில் போய் வந்து அடுப்படியும் பார்க்கிறவருக்கு அந்த நேரம் கிடைக்காது. தம்பிக்கு 22 வயது என்றால் அவர் படிக்கட்டும்.

இப்போது டைம் ஆபீஸ். நீங்கள் அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கோ, கடிதத்தின் மையமே அதுதான் என்று படுகிறது. இரண்டு வருடமாக ஒரு கான்ட்ராக்ட் ஆபரேட்டரை நம்பி ஓ.டி. கணக்கைக் கொடுக்கிறார்கள் என்றால், அதில் தப்பு வரவில்லை என்று அர்த்தம். ஓ.டி. கணக்கில் அரை மணி நேரம் குறைந்தாலும் சம்பள நாளன்று லைனே திரண்டு வந்து ஜன்னலில் நிற்கும். அந்த ஜன்னலுக்கு உள்ளே பல வருடம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், நீங்கள் பாதி வேலையை ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

மீதிப் பாதி என்ன? வருகைப் பதிவிலிருந்து சம்பளப் பட்டியல் எப்படி வருகிறது என்பது. அடிப்படைச் சம்பளம் எது, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் எதன் மேல் பிடிக்கிறார்கள், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐ-க்குத் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், நிர்வாகத்திடம் 3.25 சதவீதம் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் என்ன ஆகும், வேலையை விட்டுப் போகிறவருக்கு என்ன பாக்கி. இதையெல்லாம் தெரிந்த ஆளுக்கு ஓசூர் சிப்காட்டில் மட்டுமல்ல, சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரை தேவை இருக்கிறது. கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிகளுக்கும் தேவை. உட்கார்ந்து பார்க்கிற வேலை, பெரும்பாலும் பகல் ஷிப்ட். உங்கள் காலுக்கு அதுவே பாதி மருந்து. மீதிக்கு ஈஎஸ்ஐ மருத்துவமனையில் காட்டுங்கள், அந்தப் பிடித்தம் மாதாமாதம் போய்க்கொண்டுதானே இருக்கிறது.

இந்த வேலைக்கு எந்தச் சட்டமும் பட்டம் கேட்கவில்லை. ஆனால் கான்ட்ராக்டிலிருந்து ஆபீஸ் ஸ்டாஃப் ஆக மாற்றும்போது ஹெச்.ஆர். படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டம் வரும். அதில் பிளஸ் டூ என்று இருந்தால் பேச்சு நின்றுவிடும், ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் தொடரும். இதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நடைமுறை அப்படித்தான். அதற்கு மேலே தொழிலாளர் நல அதிகாரி என்று ஒரு பதவி இருக்கிறது. அது சட்டப்படி வைத்தே தீர வேண்டிய பதவி. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 500 பேர் வேலை செய்யும் இடத்துக்குக் கட்டாயம் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அது 250 ஆகியிருக்கிறது. அந்த நாற்காலிக்கு ஒரு பட்டமும், மேலே சமூகப்பணி அல்லது தொழிலாளர் மேலாண்மை போன்ற ஒன்றில் மேற்படிப்பும் வேண்டும். லைனில் பத்து வருடம் நின்ற பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்கள் காலத்தில் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

ஆகவே என் பதில் பி.காம். பள்ளியில் படித்ததன் தொடர்ச்சி அது. டைம் ஆபீஸுக்கும் ஆகும், அந்த மிஸ்ஸின் வகுப்பறைக்கும் ஆகும். இரண்டில் எது என்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. பி.பி.ஏ. படித்தாலும் ஆபீஸ் வேலை கிடைக்கும், ஆனால் ஆசிரியர் பக்கம் போகும் பாதை மங்கிவிடும்.

எங்கே படிப்பது? பகல் கல்லூரி உங்களுக்கு ஆகாது. காரிமங்கலத்தில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, அதை மகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தொலைநிலைதான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவு, மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ, இந்த மூன்றையும் விசாரியுங்கள். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை, ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) 30 சதவீதம், தேர்வுக்கு 70. ஆனால் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். பிளஸ் டூ தமிழ் வழியில் படித்திருந்தால், தமிழில் தேர்வு எழுத அனுமதி உண்டா, தேர்வு மையம் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கிடைக்குமா என்ற இரண்டு கேள்வியையும் சேருமுன் கேளுங்கள். மையம் சேலம் தள்ளிப் போனால் ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். அங்கீகாரமுள்ள தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-ல் அறிவித்துவிட்டது. யாராவது "கரஸ்ஸா?" என்று உதட்டைப் பிதுக்கினால் கண்டுகொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் அது செல்லாது என்று தெரிந்து உடைந்துபோனார்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு வரிசை சரியாக இருக்கிறது.

படிக்க நேரம்? பஸ்ஸில் படிக்கலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். வேண்டாம். ராயக்கோட்டை தாண்டுவதற்குள் கண் சொருகும், அந்த ஒன்றரை மணி நேரம் நீங்கள் தூங்கத்தான் வேண்டும். அதற்குப் பதில் மாதத்தில் இரண்டு ஓ.டி.யை விட்டுவிடுங்கள், அதோடு ஞாயிறு காலை மூன்று மணி நேரம். பணம் குறையும், கணவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "இந்த வயசுல எதுக்கு" என்று அவர் கேட்பது வயதைப் பற்றிய கேள்வியாக எனக்குத் தெரியவில்லை. தக்காளி சாலையோரம் கொட்டப்படுகிற மாதத்தில் உங்கள் 17,000-தான் வீட்டை நிறுத்துகிறது. அது நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. வேலையை விடப் போவதில்லை, 60,000 யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள். குரல் மாறும் என்று நினைக்கிறேன்.

சேர்க்கை வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். டைம் ஆபீஸ் பொறுப்பாளரிடம், சம்பளப் பட்டியல் போடும் நாளில் கூட உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ஷிப்ட் முடிந்த பிறகு, சம்பளம் இல்லாமல்தான். மாதம் ஒருமுறை என்பதால் போகட்டும், அதற்கு மேல் இலவசமாக உழைக்காதீர்கள். எக்ஸெல் நன்றாகப் பழகுங்கள். பாலக்கோட்டில் எங்காவது டேலி என்ற கணக்கு மென்பொருள் சொல்லித் தருகிறார்கள் என்றால் பி.காம். முதல் வருடம் முடிந்த பிறகு போங்கள், அப்போதுதான் அது எதற்கு என்று புரியும்.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தொலைநிலையில் படிப்பவர்களுக்குக் கிடையாது. மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நேரடிக் கல்லூரியில் சேர்ந்தால் அவளுக்கு உண்டு. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றும் யோசனை இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

மார்க் ஷீட் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். டிசியையும் அவரிடம் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.